என் ரத்தத்தைப் பார்க்காமல் எழுதிய சான்று

டாக்டர், நீங்கள் என் ரத்தத்தைப் பார்க்காமலேயே எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்தச் சான்று என் குத்தகை நிலத்தைப் பிடுங்க கோர்ட்டுக்குப் போனது.

உங்கள் பெயரை இந்தப் பத்திரிகையில் நான் எழுதவில்லை. படித்தவுடன் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். இதில் வரும் டவுன் டாக்டர் நீங்கள்தான். டெல்டாவில், குத்தாலத்துக்குப் பக்கத்தில், அப்பா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் நிலம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வராமல் போன ஒரு வருடம் எனக்குத் தூக்கம் நின்றது. களைப்பே தெரியவில்லை. காய்ந்த வாய்க்காலைத் தனி ஆளாகத் தூர்வாரினேன். ஊர் நிலம் முழுவதையும் நானே வாங்கப்போகிறேன் என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒரு நாள் படுத்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்து டவுனில் மனநல டாக்டரிடம் என் மனைவி தனலெட்சுமி கூட்டிப்போனாள். இருமுனைக் கோளாறு (மனம் அளவுக்கு மீறி எழும்பி, பிறகு அடியோடு விழும் நோய்) என்றார். லித்தியம் (அந்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் ஒரு வகை உப்பு) மாத்திரை கொடுத்தார். கேட்டது. அதை மறுக்க மாட்டேன். அடுத்த சம்பாவை நானே நட்டு நானே அறுத்தேன்.

அவரிடம் அப்போது இன்னொன்றும் சொல்லியிருந்தேன். நிலத்துக்காரரான மிராசுதாரின் மகன் என்னைக் கிளப்பிவிட்டு வயலை மனை போட்டு விற்கப் பார்க்கிறான் என்று. ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக் கட்டுகிற ஆள் அவன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். சந்தேகம் இந்த நோயின் குணம் என்று தனலெட்சுமியிடம் சொன்னாராம்.

உடம்பு தேறியதால் சித்திரையில் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் காப்புக் கட்டியவர்கள் உப்பில்லாமல் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில்தான் உளுந்து பறிப்பும். வெயிலில் வேர்த்துக் கொட்டும். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

முதலில் கை நடுங்கியது. சோற்றை அள்ளினால் பாதி வாய்க்கு வருவதற்குள் சிந்தியது. வயிற்றுப்போக்கு, வாந்தி. சிமெண்டுத் தரையில் நடந்தால் சேற்றில் நடப்பதுபோல் கால் இழுத்தது. பேச்சு குழறியது. கோயிலில் தீக்குழி வெட்டுவதற்கு முன்பே என்னைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினார்கள்.

அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"மறுபடி ஆரம்பிச்சிட்டும்மா. மாத்திரையக் கூட்டித் தர்றேன்."

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாங்களா?" என்று தனலெட்சுமி கேட்டாள்.

"ரத்தத்துல பைத்தியம் தெரியாதும்மா."

உண்மைதான். எங்கள் நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கிற மருந்து ரத்தத்தில் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. மாத்திரையைக் கூட்டினார். இரண்டாம் நாள் எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தாழ்வாரத்தில் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்களாம். அங்கே ஒரு பெண் டாக்டர் குனிந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சோத்துல உப்பு போட்டுக்கறாரா?" என்று கேட்டிருக்கிறார். தனலெட்சுமி விரதத்தைச் சொன்னாள். உடனே ரத்தம் எடுத்தார்கள். லித்தியம் இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மருந்தே விஷமாகியிருந்தது.

அந்த டாக்டர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். உடம்பில் சாதாரண உப்பு குறைந்தால், சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்வை, வாந்தி, பட்டினி எல்லாம் அதைக் கூட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு, சலைன் (உப்பு நீர்) ஏற்றினார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), தைராய்டு (கழுத்துச் சுரப்பி, இது குறைந்தாலும் மனம் சோரும்) எல்லாம் பார்த்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தனலெட்சுமி தயங்கினாள். "விரதம் பாதியில நிக்குதுங்களே. அம்மனுக்குக் கோவம் வந்துடுமே?"

"அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ரசத்துல உப்பப் போடுங்க."

பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஊருக்கு வந்தால் குத்தகை கோர்ட்டு நோட்டீஸ் காத்திருந்தது. சொந்த உடலுழைப்பில் சாகுபடி செய்பவனுக்குத்தான் சட்டத்தில் பாதுகாப்பு. எனக்கு அதற்கேற்ற மனநிலை இல்லை என்றது நோட்டீஸ். விசாரணை நாளில் மிராசுதார் மகனின் வக்கீல் உங்கள் சான்றை வாசித்தார். நோய் முற்றியவர் என்று இருந்தது. தன் நிலத்தைப் பிறர் பறிக்கப்போவதாக ஆதாரமற்ற சந்தேகம் கொண்டவர் என்றும் இருந்தது. என் நிலத்தைப் பறிக்கக் கொண்டுவந்த தாளில் அப்படி எழுதியிருந்தது. கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

தஞ்சாவூர் டாக்டரின் ரத்த ரிப்போர்ட்டுகளை நானும் கொடுத்திருக்கிறேன். வழக்கு இழுக்கிறது. தோற்றால் அடுத்த நாற்றங்கால் எங்களுக்கு இல்லை.

லித்தியம் சாப்பிடுபவர்கள் கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் உப்பைக் குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள். வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குடியுங்கள். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுங்கள். கை நடுங்கினால், கால் இழுத்தால், நோய் திரும்பிவிட்டது என்று யார் சொன்னாலும் முதலில் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

குறைந்த அளவில் அதே மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன். விடிந்ததும் இரண்டு கையையும் நீட்டிப் பார்க்கிறேன். அவை என் கை என்று உடனே நம்ப முடிவதில்லை. முன்பு குறுவை, சம்பா என்று வருடம் போகும். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை போகிறது. சந்தோஷம் வந்தால் அதையும் சந்தேகப்படுகிறேன். கோபம் வந்தால், இது நானா நோயா என்று தனலெட்சுமியின் முகத்தைப் பார்க்கிறேன்.

அதனால் இதை உடனே எழுதவில்லை. இந்த மாத ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்தேன். அளவு சரியாக இருக்கிறது. இந்தக் கோபம் என்னுடையதுதான்.

உங்களுக்கு மிராசுதார் மகனோடு என்ன பழக்கம் என்று எனக்குத் தெரியாது. அவசரத்தில் செய்தீர்களா, கேட்டதற்காகச் செய்தீர்களா என்பதும் தெரியாது. நானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள விரும்பவில்லை. அதற்குப் பெயர் என்னவென்று நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். டாக்டர், அந்தச் சான்றை உங்களிடம் கேட்டு வாங்கியது யார்? இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள்.