சிம் இல்லாத போன்

ஒரு போனைக் கையில் எடுத்ததுமே அது தானாக விழுந்ததா, சுவரில் வீசப்பட்டதா, காலால் மிதிபட்டதா, இல்லை யாருடைய மண்டையிலாவது பட்டதா என்று என் தங்கை றம்ஸியா சொல்லிவிடுவாள். விழுந்த போனுக்கு மூலையில் அடி இருக்கும். மிதிபட்டது நடுவில் வளைந்திருக்கும். பதுளை பஸ் நிலையத்தில், பசறை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. முன்னால் நான் சிம், ரீலோட், கவர் விற்கிறேன். பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் போன் திருத்துகிறாள். கொண்டுவருகிற எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள், கை தவறி விழுந்துவிட்டது என்று. ஆள் போன பிறகு அவள் என்னிடம் சொல்வாள். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம்.

"பொண்டாட்டிக்கு அடிச்சிருக்கான், நானா."

உனக்கு எதற்கு ஊர்வம்பு, டிஸ்ப்ளேயை மாற்றிக் கொடுத்துவிட்டு உன் வேலையைப் பார் என்று நான் எரிந்து விழுவேன். என் பெயர் ஷிராஸ். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வர வேண்டிய இடத்தில் மட்டும் வராது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

றம்ஸியா இந்தத் தொழிலை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. ஹாலிஎலயில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை அஸ்ஹர் நாலு வருடத்தில் அவளுடைய போன்களில் ஐந்தை உடைத்தான். முதல் நாலையும் அவளே திறந்து, பார்த்துப் பார்த்து ஒட்டவைத்துப் பழகினாள். ஐந்தாவதை அவள் உம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது காதோடு சேர்த்து அடித்தான். இடது காதுச் சவ்வு கிழிந்தது. அன்றிலிருந்து அந்தக் காது கேட்பதில்லை. அந்தப் போனைக் கடைக்குக் கொண்டுவந்து, படியில் விழுந்தது என்று என்னிடம் சொன்னாள். நான் திறந்தேன். காதில் வைக்கும் இடத்துச் சல்லடையில் காய்ந்த பழுப்பு நிறம் அடைத்திருந்தது. துரு என்று சொல்லி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துச் சுத்தமாக்கினேன். புதுக் கவரும் போட்டு, போனையும் அவளையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அவன் வீட்டுக்கே அனுப்பினேன். கொஞ்சம் பொறுத்துப் போ என்று அறிவுரை வேறு.

இரண்டு மாதத்தில் உதடு கிழிந்து வந்தாள். திரும்பிப் போகவில்லை. மூன்றாம் நாள் அஸ்ஹர் கடைக்கு வந்தான். ஹெல்மெட்டால் ஷோகேஸை நொறுக்கினான். அவளுடைய கூந்தலைப் பிடித்து, உடைந்த கண்ணாடி மேலேயே வாசல் வரை இழுத்தான். நான் நின்றேன். எட்டிப் பிடித்தால் பிடித்திருக்கலாம், நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் மேசைக் காலைப் பற்றி எழுந்து, சூடேறிக் கிடந்த சோல்டரிங் அயனை எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். தோல் கருகிய நாற்றம் கடை முழுக்க வந்தது. அவன் அலறிக்கொண்டு ஓடினான். முழங்கையில் குத்தியிருந்த கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாதியில் கிடந்த போனை அவள் முடித்துக் கொடுத்தாள். எட்டு வருடம் ஆகிறது. அவன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

போன வருடம் ஒரு நாள் பாக்கியலெட்சுமி கடைக்கு வந்தாள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள், இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறாள். மகள் லதுஷா, படிக்கிற காலத்தில் றம்ஸியாவின் மேசையருகே நின்று வேடிக்கை பார்ப்பவள். கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கும் கிஷாந்தன் என்பவனைக் கட்டிப் போனவள். அப்போது ஏழு மாதக் கர்ப்பம். பிள்ளைப்பேற்றுக்கு மாமியாரை வரச்சொல்லி மருமகன் டிக்கெட் போட்டிருந்தான்.

"மொதலாளி, அமெரிக்காவுக்கு என்ன சிம்மு போடணும்? மருமகன் ஒண்ணும் வேணாம்னுட்டாரு. வீட்டுல வைஃபை இருக்காம்" என்றாள். கூடவே உடைந்த போன் ஒன்றையும் நீட்டினாள். "இது மக லீவுல வந்த ஆளுகிட்ட குடுத்துவிட்டுச்சு. படியில உழுந்துருச்சாம். றம்ஸியாகிட்ட செஞ்சு என்னையப் பாவிக்கச் சொல்லுச்சு."

போனை உள்ளே கொடுத்துவிட்டு நான் வியாபாரத்தை ஆரம்பித்தேன். நம் சிம்மிலேயே ரோமிங் போடலாம், ஆனால் டேட்டா போட்டால் கண்ணைக் கட்டிவிடும். அங்கே போய் சிம் வாங்கலாம், அதற்கு யாராவது கடைக்குக் கூட்டிப் போக வேண்டும். இ-சிம் என்று அட்டையே இல்லாதது ஒன்று இருக்கிறது, அவளுடைய போனுக்கு அது ஏறாது. பயணிகளுக்கான டேட்டா சிம்மை இங்கேயே இரண்டாவது துளையில் போட்டுக்கொண்டு போகலாம், இறங்கியதும் வாட்ஸ்அப் வேலை செய்யும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே றம்ஸியா எழுந்து வந்தாள்.

"அக்கா, ஒங்கட மகளுக்கு காது ரெண்டும் கேக்குதா?"

"என்ன கேக்குற நீ?"

"இது உழுந்து ஒடஞ்சது இல்லக்கா. காதுல வச்சிருக்கக்குள்ள அடிச்சது. உள்ளுக்கு ரத்தம் இரிக்கி."

பாக்கியலெட்சுமி விட்ட அறையில் றம்ஸியாவின் தலை தடுப்புக் கண்ணாடியில் மோதியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எம் மருமகனப் பத்திப் பேச நீ யாருடி? ஒன்னைய மாதிரி எம் மகளும் வாழாவெட்டியா வரணுமா?" என்று கத்தினாள். நான் அவளை நோக்கிப் பாய்ந்தேன். றம்ஸியா என்னைக் கையால் தடுத்தாள்.

"அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுக்கா. இங்கால வந்து ஏசுங்க" என்றாள். பிறகு தலைத்துணியை விலக்கி அந்தக் காதைக் காட்டினாள்.

பாக்கியலெட்சுமி உள்ளே போய், பூதக்கண்ணாடி விளக்கின் கீழே குனிந்து பார்த்தாள். சல்லடையில் ரத்தம் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது. குனிந்தபடியே பேசினாள்.

"வீடியோவுல எப்பவும் ஒரு பக்கமா முடியப் போட்டுக்கிட்டுத்தான் வரும்" என்றாள். "என்னம்மா, என்னம்மான்னு ரெண்டு தடவ கேக்கும். நெட்டு சரியில்லன்னுல்ல நெனச்சேன்."

முதலில் அழுதாள். பிறகு அவனை வெட்டிப் போடுவேன் என்றாள். கடைசியில், போகாமலே இருந்துவிட்டால் என்ன என்றாள். இதற்கு மட்டும் றம்ஸியா குரலை உயர்த்தினாள். "நீங்க போகாட்டி அவ தனியாத்தான் இரிக்கணும். இப்ப கேட்டாலும் டிக்கெட்ட நிப்பாட்டிருவான். ஒண்டும் தெரியாத மாதிரிப் போங்க. ஆனா அவன்ட வைஃபைய நம்பிப் போகாதீங்க."

பயணச் சிம்மை அவளே போட்டுக் கொடுத்தாள். உடைந்த போனுக்கு டிஸ்ப்ளே மாற்றி உயிர் கொடுத்தாள். அது அங்கே ஒரு கம்பனிக்கு லொக் பண்ணிய போன், நம் சிம் எதுவும் அதில் வேலை செய்யாது. அப்படியானால் குப்பையில் போடு என்றேன்.

"நானா, அந்த ஊருல சிம் இல்லாத போனும் போலீஸுக்குப் போகும். ஒம்பது, ஒண்டு, ஒண்டு. இது அங்க வாங்கின போன், அங்கத்த டவர நல்லாப் புடிக்கும். சிம் இல்லாத போன அவன் கணக்கெடுக்கவும் மாட்டான்."

ஆனால் ஒரு சிக்கல். சிம் இல்லாத போனுக்கு நம்பர் கிடையாது. லைன் அறுந்தால் போலீஸ் திருப்பி அழைக்க முடியாது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கோ ரிங் கட் கொடுத்துத்தான் பழக்கம். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார்கள், மற்றவர் திருப்பி எடுக்க வேண்டும். காசே போகாத வாட்ஸ்அப்பிலும் கட் பண்ணுகிற பிறவிகள். பாக்கியலெட்சுமி அதில் கைதேர்ந்தவள். றம்ஸியா என் நம்பருக்கு எடுக்கச் சொல்லிப் பழக்கினாள். என் போன் ஒரு தரம் அடித்ததும் அவள் விரல் தானாகப் போய்ச் சிவப்பை அழுத்தியது. மறுபடியும் அதே. நாலாவது தடவை றம்ஸியா ஸ்குரூ டிரைவர் பிடியால் அவள் விரல் கணுவில் ஓங்கி அடித்தாள்.

"கட் பண்ணினா ஒங்கட மக செத்துருவா! வெளங்குதா? அவன் கழுத்தப் புடிச்சாலும் கட் பண்ணப்படாது. டமில், டமில்னு மட்டும் சொல்லுங்க. தமிழ் பேசுற ஆளத் தருவாங்க. வீட்டு விலாசத்த பாடமாக்குங்க."

பயணம் போகும்வரை பத்து நாள் தினமும் வந்தாள். விரல் வீங்கியிருந்தது. கடைசி மூன்று நாள் ஒரு தடவைகூடக் கட் பண்ணவில்லை.

ஹூஸ்டன் போனபின் தினமும் நம் காலை எட்டு மணிக்கு, அங்கே இரவு, றம்ஸியாவின் போனுக்கு ஒரே ஒரு ரிங் வரும். சுகமாக இருக்கிறோம் என்று அர்த்தம். இதற்கு மட்டும் கட் பண்ண அனுமதி. வேலைக்குப் போகும்போது மருமகன் வைஃபை பெட்டியைக் கழற்றிக் காரில் கொண்டுபோகிறான் என்று மூன்றாம் நாள் குரல் பதிவு வந்தது. சிம் இல்லாத போன் மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் இருக்கிறது, அவன் போனதும் சார்ஜ் போடுகிறேன் என்றும் சொல்லியிருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலை ரிங் வந்தது. கட் ஆகவில்லை.

றம்ஸியா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் ஒரு கதவு உடைகிற சத்தம். பிறகு ஆண் குரல், "ஊருக்குக் கதையா அனுப்புற?" என்று. சதையில் அடி விழுகிற சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு பெண் குரல், "வயித்துல வேணாம், வயித்துல வேணாம்" என்று கெஞ்சியது. இங்கேயிருந்து அந்த ஒன்பது ஒன்று ஒன்றுக்கு எடுக்க முடியாது. றம்ஸியா போனை வாயோடு வைத்து, "அக்கா, மத்த போன்! மத்த போன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பஸ்ஸுக்கு நின்ற சனம் கடைக்குள் எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் எதுவோ நொறுங்கியது. லைன் செத்தது.

நாலு மணித்தியாலம் நாங்கள் கடையை மூடவும் இல்லை, யாருக்கும் எதுவும் விற்கவும் இல்லை. பன்னிரண்டு மணி தாண்டி, தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. லதுஷா. ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தனக்கு விலா எலும்பு இரண்டு போயிருக்கிறது, அம்மாவுக்கு முன்பல் இரண்டும் மணிக்கட்டும் போயிருக்கிறது என்றாள். கிஷாந்தனை விலங்கு போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அம்மா கையில அவன் நாற்காலியால அடிச்சான்கா. அப்பயும் போலீஸுக்கு எடுத்த அந்த மொளகாய் டப்பா போன விடல. போலீஸ் வந்து நின்னதுக்கு அப்புறமும் கட் பண்ண மாட்டேன்னுட்டாங்க. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க" என்று அழுதாள். பிறகு, "அந்தப் போன நான் தொடைக்காமத்தான் அனுப்பினேன்கா. நான் பேசுறது எல்லாத்தையும் அவன் கேட்டுக்கிட்டு இருப்பான். நீங்க தொறந்தாப் பாப்பீங்கன்னு தெரியும்" என்றாள்.

றம்ஸியா போனை வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல அயனைச் சூடாக்கினாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பெண் துடைக்காமல் அனுப்பினாள். நான் துடைத்து அனுப்பினேன்.

"அண்டைக்கு ஒன்ட போன்ல இருந்தது துரு இல்ல. ரத்தம்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் நின்றது அவளுடைய இடது பக்கம். அதோடு விட்டிருக்கலாம். மேசையைச் சுற்றி மற்றப் பக்கம் வந்து, அதையே மறுபடியும் சொன்னேன்.

"தெரியும் நானா" என்றாள். "தொடச்ச துணிய குப்பையில போடாம சட்டப் பையில ஒளிச்சீங்க. துருவுக்கு யாரும் ஒளிக்கமாட்டாங்க."