அப்பா உடைத்த இறால் குளம்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அவருடைய மூத்த மகள் எழுதுவது.

அப்பா பொறுமைசாலி என்று துக்க வீட்டில் பலர் சொன்னீர்கள். அது உண்மை. கடைசிக் காலத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சிலர் சொன்னீர்கள். அது பொய்.

அப்பா சிலாபத்தில், களப்பு என்னும் கடலேரியின் ஓரத்தில் பிறந்தவர். கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, கொட்டாஞ்சேனையில் குடியேறி, சொற்பச் சம்பளத்தில் எங்களைப் படிக்கவைத்தார். ஊரில் அவருக்கு ஒரு காணி இருந்தது. கரை நெடுக உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்கள், வேர்களுக்குள் நண்டும் மீன்குஞ்சும். மேட்டில் தென்னை, கிணறு, சிறிய வீடு. அவருடைய அக்கா, எங்கள் அத்தை, கணவரை இழந்தபின் அங்கேதான் இருந்தார்.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அந்தக் காணியைக் கேட்டார்.

"சும்மாதானே கிடக்குது அத்தான். றால் வளர்ப்பம்."

"அக்கா இருக்கிற இடம், மச்சான். கரையில மட்டும் கை வைக்காதீங்க."

"ஒரு மரமும் வெட்டமாட்டன்."

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் முதலில் பிடுங்கியது கண்டலைத்தான். மேட்டை ஒட்டிக் குளங்கள் தோண்டி உப்புத் தண்ணீர் நிரப்பினார்கள். இறாலுக்கு நோய் வந்தபோது செத்த இறாலையும் மருந்துத் தண்ணீரையும் மாமா அப்படியே களப்புக்குள் திறந்துவிட்டார். கரையெங்கும் மீன் செத்து மிதந்தது. கிணறு உப்பானது. தென்னைகள் குரும்பட்டியிலேயே கொட்டின. மாமா கையைத் துடைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் கடல் தெரியும் மாடி வீட்டுக்குப் போனார். அத்தை எங்கள் முன்னறைக்கு வந்தார். குழாய்த் தண்ணீரைக்கூட நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் குடிப்பார். அந்த அறையிலேயே கண்ணை மூடினார். அன்றைக்கும் அப்பா மாமாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு, மாமா யாரையும் கேட்காமல் அதே குளங்களில் மறுபடி இறால் விட்டிருப்பதாக ஊரிலிருந்து தகவல் வந்தது. இறால் பிடிக்கும் பருவத்துக்கு வரும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு ஒரு காலை சவரம் செய்து, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "மகள், ஒரு வான் பிடி" என்றார். வாடகை வண்டியில் சிலாபத்துக்குப் போனோம்.

பட்டப்பகலில் குளக்கட்டில் நின்று, களப்பில் மீனில்லாமல் கிடந்த மீனவர்களைக் கூப்பிட்டார். "வலை உள்ளவங்க வலையோட வாங்க. இல்லாதவங்க வாளியோட வாங்க. இது என்ர காணி."

வந்தார்கள். மத்தியானத்துக்குள் குளங்களில் ஓர் இறாலும் மிஞ்சவில்லை. அதன்பின் அப்பா ஒருவரிடம் மண்வெட்டியை வாங்கிக் குளக்கட்டை வெட்டி உடைத்தார். மூச்சு வாங்கியது. நான் பிடித்துக்கொள்ளப் போனேன், விடவில்லை. களப்புத் தண்ணீர் பழைய கரைவரை ஏறி வந்தது.

மாமா பொலிசோடு வந்தார். என் காணியில் என் மண்ணை வெட்டினேன் என்று அப்பா சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்; பொலிசுக்கு அது போதுமாயிருந்தது. மாமா மட்டும் பொலிஸ் அதிகாரியிடம், "வயசுபோன ஆள் சேர், மண்டை குழம்பிட்டு" என்றார். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நீங்கள் கேட்ட கதை இங்கேதான் பிறந்தது. மண்டை குழம்பியவர் வரும் வழியில் வானை நிறுத்தி, வைத்தியர் தடுத்திருந்த இறால் வடையில் இரண்டு வாங்கி ருசித்துச் சாப்பிட்டார்.

சில வருஷம் கழித்து அப்பா இதய நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமா தோடம்பழத்தோடு வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு, அத்தான். அந்தக் காணியை எனக்கு எழுதித் தாங்களேன்."

"கண்டல் இடுப்பளவுக்கு வந்திட்டு, மச்சான். போய்ப் பாருங்க."

அந்த வாரமே அப்பா ஆண்டவரிடம் போனார்.

அவரைப் பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவருக்கும், பஸ் பிடித்து வந்து பெட்டியைச் சுமந்த களப்பு மீனவர்களுக்கும் எங்கள் நன்றி. பங்குத்தந்தைக்கும் நன்றி. மாமாவை மன்னிக்கச் சொல்கிறார், என்னால் முடியவில்லை. முயலவும் இல்லை.

மாமா, காணி இப்போது என் பெயரில் இருக்கிறது. தரமாட்டேன். நீங்கள் இன்று திருப்பலிக்கு வராவிட்டால், இந்த மலரை வெள்ளவத்தைக்கு நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். வீட்டில் இருங்கள்.