மருந்துலதான் இருக்கேன்

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிக்குப் போடுவது. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை, குத்திக்கொள்வது ஊசி, பாட்டிலில் வருவது டானிக். தாயில்பட்டிப் பக்கம் யாரை நிறுத்திக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாதவர்கள் கேள்வி கேட்டதால்தான் என் வீட்டுக்காரர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பாதி வைத்தியத்தில் வெளியே வந்தார்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். மருந்து கலக்க நிதானமான ஆள் வேண்டும், எல்லாரையும் அந்த அறைக்குள் விடமாட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காது மடல், கண் இமை எல்லாம் மருந்தில் சேர்க்கும் வெள்ளிப் பொடி மின்னும். "சாமி வந்துட்டாரு" என்று கேலி செய்வேன். அவரும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவார். அந்தப் பொடி நெஞ்சுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பெரிய முதலாளி காலத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் நேரே அவர் முன்னால் போய் நிற்பதுதான் வழக்கம். மனசு நன்றாக இருந்தால் அவரே வேன் அனுப்பி, டாக்டருக்கும் போன் போட்டுவிடுவார். இல்லையென்றால் "தீவாளி முடியட்டும் பாப்போம்" என்பார். சீசனில் சீக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். அவரைத் தர்மவான் என்று சொல்கிறவர்கள் அந்தச் சீசனில் போய் நின்றதில்லை போலிருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து அவர் மகன் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து நிர்வாகத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிச் செலவு கைமீறிப் போகிறது, இனி எல்லாரையும் சேர்த்து இன்சூரன்ஸ் போட்டுவிடலாம், பணத்தைக் கம்பெனியே கட்டும் என்றார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம், அட்டையை நீட்டினால் போதும். அது நல்ல யோசனைதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்சூரன்ஸ் போட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் உற்சாகமாகச் சொன்னார்.

"வயசு கேட்டாக, பிள்ளைக எத்தனைன்னு கேட்டாக. பெறகு மருந்து எடுக்குறீங்களான்னு கேட்டாக. மருந்துலதான் இருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே அதான்னேன்."

"வேற?"

"தினமும் எடுப்பீங்களான்னான். தினமும்தான், மழை வந்தா மட்டும் எடுக்க விட மாட்டாகன்னேன். எல்லாத்தையும் எளுதிக்கிட்டான்."

ஈரத்தில் மருந்தைத் தொடக்கூடாது. எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். அந்த ஆளோ இதை என்ன மாத்திரை என்று நினைத்தானோ, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. அவனுக்கு அன்றைக்கே எல்லாரையும் முடித்தாக வேண்டும்.

அடுத்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. முதலில் ராத்திரி மட்டும் இருந்தது, அப்புறம் சைக்கிள் மிதித்தாலே மூச்சு வாங்கியது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டிச் சேர்த்தேன். நுரையீரல் கெட்டிருக்கிறது, கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தால் தேற்றிவிடலாம் என்றார்கள். ஆக்சிஜன் வைத்ததும் அவர் முகம் தெளிந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் புஸ்வாணத்துக்கு எப்படி மருந்து கலப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார். பிழைத்துக்கொண்டார் என்றே நம்பினேன்.

அப்போதுதான் கீழே பணம் கட்டும் இடத்தில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

"இன்சூரன்ஸ் வராதும்மா. பல வருஷமா தினமும் மருந்து எடுக்குறதா அவரே சொல்லியிருக்காரு. ஏற்கெனவே இருந்த வியாதிக்குத் தரமாட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. "அது வெடி மருந்தும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். அப்புறம் கத்தினேன். காவலுக்கு நின்றவர் வந்து என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். முதலாளி மகன் எழுந்து நாற்காலி போட்டார். "அக்கா, இது வார்த்தையில வந்த குழப்பம். நான் எழுதிப் போடுறேன், கண்டிப்பா சரியாகும்" என்றார்.

"அதுவரைக்கும் நீங்க பாருங்க சார். மூச்சு அதுவரைக்கும் தாங்காது."

"இன்சூரன்சுக்கும் கட்டிட்டு கையிலேருந்தும் குடுத்தா இன்சூரன்ஸ் எதுக்குக்கா? ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. "செலவக் கொறைக்கணும்னா ஒரு நாளு அந்த மருந்து ரூமுக்குள்ள வந்து நின்னுருக்கணும். மூஞ்சியில வெறும் துண்டக் கட்டிக்கிட்டுக் கலக்குறாக. நல்ல மாஸ்க்கும் வருசத்துக்கு ஒருக்கா ஒரு எக்ஸ்ரேயும் உங்களுக்கு அம்புட்டு பாரமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அவரும் சொன்னபடி எழுதிப் போட்டார். அந்தக் கடிதங்கள் என் வீட்டுக்காரர் போன பிறகும் போய்வந்துகொண்டிருந்தன.

மதுரையில் கட்ட வழியில்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். ஏன் மாற்றுகிறோம் என்று அவரிடம் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. "நாஞ்சொன்னதாலயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்று நூறு தடவை சொன்னேன். அவர் நம்பவில்லை.

அதற்கப்புறம் அவருக்குக் கேள்வி என்றாலே பயம். புது டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கூலி வேலை என்று முடித்துக்கொண்டார். மருந்து என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. நான் வெளியே கஞ்சி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து விஷயம் தெரிந்து, ஓடிப்போய் டாக்டரிடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர் என்று சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். "இத முதல்லயே சொல்லணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தியத்தை மாற்றினார்.

அந்த வாரம் முழுக்க யார் எது கேட்டாலும் என் வீட்டுக்காரர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். பேர் கேட்டாலும், சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும் அப்படித்தான். நான் தலையசைத்தால் சொல்வார். வேலையைப் பற்றி ஊரெல்லாம் வாய் ஓயாமல் பேசிய மனுஷன். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

கடைசி நாள் காலையில் டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரருக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"மூச்சு ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லுங்க. எதுவும் ஆகாது, உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கேன் சார்" என்றார்.