தாடியால் கைதியானேன்

பிள்ளைங்களா, அப்பா ஒருநாள் கைதியா இருந்திருக்கேன். 2008-ல், சினிமாவுக்காக.

அன்றைக்கு உங்க அத்தை மகளுக்குத் திருவந்திபுரம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ராகுகாலம் வருவதற்குள் முடிக்கணும். பெரியவளே, நீ அப்போ அம்மா வயித்துல இருந்ததால், வழக்கப்படி நான் சவரம் பண்ணாமல் தாடியோடு திரிந்தேன்.

சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோட்டை மறித்து ஷூட்டிங். போலீஸ் வேனிலிருந்து ஒரு கைதி தப்பிக்கிறான், போலீஸ் துரத்துகிறது, அதுதான் படம். பஸ் நிற்கிறதே என்று வேடிக்கை பார்க்க இறங்கினேன். உதவி டைரக்டர் ஒருத்தர் என் தாடியைப் பார்த்துவிட்டு, வேனுக்குள் சும்மா உட்காருங்க, அரை மணியில் விட்டுடறோம் என்றார். முகம் படத்தில் வருமே என்று எனக்கும் ஆசை.

அரைக்கால் டவுசரும் நம்பர் தைத்த வெள்ளைச் சட்டையும் கொடுத்தார்கள். என் துணியும் செல்போனும் அவர்களிடம். வேனைப் பூட்டினார்கள். என் பஸ் கிளம்பிப் போவதைக் கம்பிவலை வழியாகத்தான் பார்த்தேன்.

வேன் கொஞ்சதூரம் போகும், நிற்கும், மறுபடி கிளம்பின இடத்துக்கே வரும். மேகம் வந்தால் வெளிச்சம் மாறுதாம், காத்திருக்கணும். தகரம் கொதித்தது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வலைக்குள் விரலை விட்டு அந்த உதவி டைரக்டரைக் கூப்பிட்டு, காதுகுத்து விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன்.

"முதல் ஷாட்ல ஜன்னலோரம் நீங்க இருக்கீங்களே. கதையில ஓடறவன் ஒருத்தன்தான். உங்களையும் காணோம்னா ரெண்டு பேர் ஓடிட்டதா ஆயிடும்," என்றார்.

அடுத்த முறை கதாநாயகன் கதவை உதைத்துக் குதித்தார். பின்னாலேயே நானும் குதித்தேன். போலீஸ் வேஷக்காரர்களுக்கு யாரைத் துரத்துவது என்று தெரியவில்லை. பாதிப் பேர் என் பின்னால் ஓடி வந்தார்கள். கூட்டம் கைதட்டியது. பைக்கோடு நின்ற ஒரு பையனிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "ஏறு மாமா," என்றான்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அத்தை அழுது முகம் வீங்கியிருந்தாள். உங்க மாமா என் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எத்தனை வருஷம் போட்டாங்க, மச்சான்?"

ராகுகாலத்துக்கு இன்னும் சில நிமிஷம்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியதும் வீறிட்டவள், என் சட்டையில் தைத்திருந்த நம்பரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு காதும் முடிகிறவரை விடவே இல்லை.