பசியோடிருந்த எலும்புகள்

முருகன் அருளால் இதை எழுதும் அளவுக்கு என் விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. சென்ற ஆண்டு கேட்கவில்லை.

2002ஆம் ஆண்டு ஆடி மாதம். மூன்று வயது மகள் கார்த்திகா ஓடிவந்து என் மடியில் குதித்தாள். எல்லாக் குழந்தைகளும் குதிப்பதுதான். என் விலா எலும்பு ஒன்று முறிந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் குழந்தை சுவரோடு ஒண்டிக்கொண்டாள். "நான் உன்னை உடைச்சிட்டேனாம்மா?" என்று கேட்டாள். மூச்சு வாங்க முடியாததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை உடனே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவளைப் பெற்றபோதுதான் என் சிறுநீரகங்கள் கெட்டிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். என் கணவருக்குப் புனே பக்கத்தில் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை. ஷிப்டு மாற்றிக்கொண்டு லோக்கல் ரயிலில் என்னைப் புனேவுக்கு அழைத்துப் போவார். முதலில் களைப்புதான் இருந்தது. பிறகு தோல் முழுவதும் அரிப்பு. பிறகு இடுப்பு, முழங்கால், குதிகால் என்று வலி இறங்கியது. ஷேர் ஆட்டோ ஒரு குழியில் இறங்கினால் கண் இருட்டிவிடும்.

எலும்பு வலி என்றதும் வீட்டில் என்ன செய்வோம்? பால் கொடுப்போம். என் மாமியார் ஊரிலிருந்து கேழ்வரகு மாவோடு வந்து இறங்கினார். "நல்லா பாலைக் குடி கண்ணு. எலும்பு தானா கூடும்" என்று டம்ளரை நீட்டுவார். கிருத்திகைதோறும் பக்கத்து முருகன் கோயிலிலிருந்து அபிஷேகப் பால் வரும். டாக்டர் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை எலும்புக்கான மாத்திரை என்றே நினைத்து, படுக்கும்போது அந்தப் பாலோடு விழுங்கினேன். நான் பி.எஸ்சி. படித்தவள்.

விலா முறிந்த பிறகு டாக்டரம்மா பொறுமையாக இந்தியில் விளக்கினார். அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு மென்று தின்ன வேண்டுமாம். சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை அது வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். கெட்ட சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியே தள்ளாது, டயாலிசிஸும் முழுதாக எடுக்காது. அது ரத்தத்தில் சேரச் சேர, கழுத்தில் அரிசி அளவில் இருக்கும் நான்கு சுரப்பிகள் வீங்கி, எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவத் தொடங்கும். பாலில் பாஸ்பரஸ் அதிகம். அப்படியென்றால் பாலால்தான் வந்ததா என்று கேட்டேன். பாலும் ஒரு காரணம், பால் மட்டுமே இல்லை என்றார். அந்தப் பதிலின் முதல் பாதி மட்டும்தான் எனக்குள் தங்கியது.

அன்றோடு பாலை நிறுத்தினேன். மாத்திரையை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் மென்றேன். ஓராண்டு போயிற்று. வலி குறையவில்லை.

வலியில் காலைத் தூக்க முடியாமல் ரயில் படி எனக்கு எட்டாது. கணவர் கீழிருந்து என்னைத் தூக்கி ஏற்றுவார். ஒருநாள் பெட்டியிலிருந்த ஒரு பெரியவர், கல்யாணம் முடிந்து இத்தனை வருஷமாகியும் புது மாப்பிள்ளை போலப் பெண்டாட்டியைத் தரையில் விடுகிறானா பார் என்று மராட்டியில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியதும் அழுகை வந்துவிட்டது.

அதைவிட வலித்தது ஒன்று இருந்தது. கார்த்திகா என்னைத் தொடுவதை விட்டுவிட்டாள். ஓடிவருவாள், ஓரடி தள்ளி நின்றுவிடுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: அம்மா பக்கம் போகாதே, அம்மா உடைந்துவிடுவாள்.

அன்று பூஜை அலமாரி முன் உட்கார்ந்து கேட்டேன். நோய் தீர வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டு அலுத்துவிட்டது. "முருகா, இந்தக் குழந்தை பயப்படாம என்கிட்ட வரணும். அது முடியாதுன்னா என்னை எடுத்துக்கோ." இப்படிக் கேட்கலாமா என்று உடனே பயம் வந்தது. ஆனால் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

2003 ஐப்பசியில் டாக்டரம்மா, இனி மாத்திரைக்கு அடங்காது, கழுத்தைத் திறந்து சுரப்பிகளை எடுத்துவிடலாம் என்றார். அது சஷ்டி வாரம். நான் விரதம் இருக்க முடியாததால் மாமியார் எனக்காக இருந்தார். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது வலி தெரியவில்லை. மறுநாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. பிறகு விரல்கள் உள்ளே மடங்கி இறுகின. எடுத்துக்கொள் என்று நானே கேட்டேனே, இதுதான் அது என்று நினைத்தேன். வேண்டாம் முருகா, வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வந்து சுண்ணாம்புச் சத்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னார். பிறகு என் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உன் எலும்புகள் பல வருஷமாகப் பட்டினி கிடந்தன. பறிப்பதற்கு இப்போது யாரும் இல்லை. அதனால் ரத்தத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிச் சாப்பிடுகின்றன. இது நல்ல பசி.

வெளியே வராந்தாவில் மாமியார் விரதத்தோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே என் எலும்புகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முருகன் கேட்டுவிட்டான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மெல்ல மெல்ல விரல்கள் பிரிந்தன.

வலி ஒரே நாளில் போகவில்லை. தை மாதம் நானே ரயில் ஏறினேன். பங்குனி உத்திரத்தன்று கோயிலுக்குப் போனோம். பால்குடம் எடுக்க எனக்குத் தெம்பு இல்லை. தூண் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். கார்த்திகா வழக்கம்போல ஓரடி தள்ளி நின்றாள்.

"வாடி, மடியில உக்காரு."

"உடையாதா?"

"உடையாது."

முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, முட்டைமேல் உட்காருவது போல உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் முழு கனத்தையும் என்மேல் சாய்த்துவிட்டாள். குருக்கள் அபிஷேகப் பால் கொண்டுவந்தார். என் பங்கை அவளிடம் கொடுத்தேன். மடியிலிருந்தே குடித்தாள். எனக்கு விபூதி போதும்.

இன்றும் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் உண்டு. நாளை என்ன ஆகும் என்று தெரியாது. மருந்தால் பிழைத்தாயா, முருகனால் பிழைத்தாயா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டாக்டரிடம் கேளுங்கள், சொல்வதை முழுதாகக் கேளுங்கள். முருகனிடமும் கேளுங்கள். பெரிதாகக் கேட்க வாய் வரவில்லையென்றால், என்னைப் போலச் சிறிதாகக் கேளுங்கள். அதையும் அவன் காதில் வாங்கிக்கொள்கிறான்.