ஒரு முறைதான் கேட்பார்கள்

2007ஆம் வருடக் கோடை. நான் மென்பொருள் வேலைக்காக ஓஸ்லோ வந்து இரண்டாவது வருடம். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குச் சொல்ல வரும். எனவே நடந்தது இது:

1. வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு ஒரு சின்னக் கப்பலில் படம் எடுக்கப் போனேன்.
2. எடுக்க வேண்டிய படம் ஒன்றே ஒன்று.
3. இன்னும் நேரம் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.
4. படம் கிடைக்கவில்லை.
5. மறுநாள் கிடைத்தது.

மூன்றாவது வரியில் எந்தத் தப்பும் தெரியவில்லை என்றால், நீங்களும் என்னைப் போல மதுரைப் பக்கம் வளர்ந்தவராக இருக்கலாம்.

ஓஸ்லோவில் நான் சேர்ந்திருந்த புகைப்படக் குழு ஒரு நூலகத்தில் கண்காட்சி வைக்க இருந்தது. அங்கே உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு நீளமான சுவர். அதை முழுக்க நிரப்பும்படி ஒரே படம் தருகிறேன் என்று நான்தான் துணிந்து கேட்டு வாங்கியிருந்தேன். பனியாறு கடலில் வந்து முடியும் இடம், மலையிலிருந்து மலைவரை, ஒரே பார்வையில். தராவிட்டால் சுவர் வேறொருவருக்குப் போய்விடும்.

அப்படி ஒரு படத்தை ஒரே தடவையில் எடுக்க முடியாது. முக்காலியை அசையாத தரையில் நிறுத்தி, இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் ஒட்ட வேண்டும். ஆடும் கப்பலில் நடக்காது. கரை வேண்டும். அங்கே கரடி வரும் என்பதால் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி இல்லாமல் யாரும் கரையில் நிற்கக் கூடாது. அவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான்.

முதல் நாள் கரை இறங்கினோம். நான் முக்காலியைச் சமன் செய்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் படகருகே வந்துவிட்டார்கள். வழிகாட்டி என்னிடம் வந்து, உனக்கு இன்னும் நேரம் வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் குளிரில் நிற்கிறார்கள். "இல்லை, பரவாயில்லை" என்றேன். நம் ஊரில் இதற்குப் பிறகு, "அட, எடும்மா, நாங்க இருக்கோம்" என்று ஒரு குரல் வரும். அதற்காகக் காத்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் படகின் இயந்திரத்தைக் கிளப்பினார்.

கப்பலில் என் அறையைப் பகிர்ந்தவளும் குழுவைச் சேர்ந்தவள்தான். பல் மருத்துவர், என் வயது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது நார்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டில். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவாள். நான் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த சொல்.

"நீர் உண்மையாவே வேண்டாம் எண்டோ சொன்னனீர்?" என்றாள்.

"ஒரு மரியாதைக்குச் சொன்னேங்க. மறுபடி கேப்பாருன்னு நெனச்சேன்."

படுக்கையில் விழுந்து சிரித்தாள். "இந்த நோர்வேக்காரர் ஒருக்காத்தான் கேப்பினம். ரெண்டாந்தரம் கேட்டா, உம்மடை பேச்சை நம்பேல்லை எண்டு ஆயிடும். எங்கட அம்மா வந்த புதுசிலை பக்கத்து வீட்டிலை வாஃபிள் வேணுமோ எண்டு கேட்டவை. வேண்டாம் எண்டவா. தட்டு அப்பிடியே திரும்பி உள்ளை போட்டுது!"

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அடுத்தமுறை கேட்க முந்தியே ஓம் எண்டிட்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் மறுநாள் காலையே அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதாக இருந்தது. "போய்க் கேளுமன்" என்றாள். எல்லோரும் பணம் கட்டி வந்த பயணம், என் ஒருத்திக்காக எப்படி நிறுத்துவது என்றேன். "அதை அவையள் சொல்லட்டும். அவையளுக்காக நீர் ஏன் சொல்லுறீர்?" என்றாள்.

காலையில் மூடுபனி. பனியாறு இருக்கும் பக்கமே தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் வழிகாட்டி திட்டத்தைச் சொன்னார். இங்கே பார்க்க ஒன்றுமில்லை, பறவைகள் கூடு கட்டும் பாறைகளுக்குப் போகலாம். பிறகு, யாருக்காவது வேறு யோசனை உண்டா என்று கேட்டார்.

ஒரு முறைதான் கேட்டார்.

மேசைக்கு அடியில் பல் மருத்துவர் என் காலை மிதித்தாள். எழுந்தே விட்டேன். "எனக்குக் கரை வேண்டும். நீங்கள் துப்பாக்கியோடு கூட வர வேண்டும். பனி விலகும்வரை நேரமும் வேண்டும்" என்றேன். சொன்ன பிறகு காது சுட்டது. ஒரு பெரியவர் ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டே, பறவைகள் மத்தியானமும் அங்கேதானே இருக்கும் என்றார். அவ்வளவுதான் விவாதம். வழிகாட்டி மட்டும் ஒன்று கேட்டார்: "நேற்றே ஏன் சொல்லவில்லை?" அதில் கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

கரையும் சுற்றிலும் உள்ள சரிவும் தெளிவாகத் தெரிந்த பிறகே எங்களை இறக்கினார். பனியாறு இன்னும் வெள்ளைத் திரைக்குப் பின்னால்தான். முக்காலியை நிறுத்தினேன். கேமராவின் கணக்கை நம்பினால் படத்தில் பனி சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் வெளிச்சத்தைக் கையால் அமைத்தேன். மாற்று பேட்டரி குளிரில் தீர்ந்துவிடாமல் இருக்க அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்தேன். பிறகு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

இடது ஓரத்தில் முதலில் ஒரு நீலக் கோடு. அது பனிச்சுவராயிற்று. மூடுபனி இடமிருந்து வலமாக நகர, அதன் பின்னாலேயே நானும் ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொண்டு போனேன். முக்கால்வாசி வந்ததும் மூடுபனி நகராமல் நின்றுவிட்டது. வலது மலை வரவில்லை. வழிகாட்டி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போதுமா?"

வாய் வரைக்கும் 'பரவாயில்லை' வந்தது. விழுங்கினேன்.

"போதாது" என்றேன்.

தலையாட்டினார். நேற்று ஆட்டிய அதே தலையாட்டல்தான். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, சரிவைக் கண்காணித்தபடியே குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டார்.

அப்புறம் வலது மலை வந்தது. வெயிலோடு வந்தது. பனிச்சுவர் முழுக்க உள்ளிருந்து விளக்குப் போட்டது போல நீலமாக எரிந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு வரிசை எடுத்தேன். ஒரு துண்டுகூட விடுபடவில்லை. பல் மருத்துவர் என்னைவிட உரக்கக் கத்தினாள். வழிகாட்டி கேமராத் திரையைக் குனிந்து பார்த்து, "மோசமில்லை" என்றார்.

"இவையின்ரை வாயிலை இதுக்கு மேலை வராது" என்று என் காதில் சொன்னாள். "நீர் வெண்டிட்டீர்!"

ஓஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த என் வாடகை வீட்டுக் கணினி அந்தப் படத்தை ஒட்டி முடிக்கத் திணறியது. ஆனால் மலையிலிருந்து மலைவரை ஒட்டுத் தெரியாமல் வந்தது. கண்காட்சி திறந்த அன்று, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். முழுப் படத்தையும் பார்க்க அந்த இடம் தேவைப்பட்டது. நான் ஓரமாக நின்று, படத்தைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி முடிந்த பிறகும் படத்தைக் கழற்ற வேண்டாம் என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த கோடையில் வடக்கே போகும் கப்பலில் இடம் வேண்டுமா என்று குழுவில் ஒரு முறை கேட்டார்கள்; உடனே வேண்டும் என்றேன், இடம் உறுதியாகிவிட்டது. அந்தக் கரையில் சொன்ன 'போதாது' என்ற ஒரு சொல் என் வாழ்க்கையில் எவ்வளவை மாற்றியது என்று இன்றும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன்.