பாலத்து டோக்கன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அக்காவுக்குக் கோபமே வராது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு முட்டாள்.

அக்கா ஒரு பஸ் கம்பெனியின் புகார் ஜன்னலில் உட்காருகிறாள். பஸ் வராவிட்டால் வசவு வாங்குவது முதலாளி இல்லை, இவள்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கண்ணாடியில் உள்ளங்கையகல ஓட்டை, அதன் வழியாக ஊரே கத்தும். "வருது சார், கிளம்பிடுச்சு" என்று சொல்ல வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பஸ் பணிமனையில் சக்கரம் கழற்றிக் கிடந்தாலும் அதையே சொல்ல வேண்டும். பதினாறு வருஷமாகச் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைப் போடுவாள். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டி விளையாடுகிற ஒரு விளையாட்டு. மலையும் ஆறும் கற்பனை. அதில் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு ரயில் கம்பெனி உண்டு. பதினான்கு ஸ்டேஷன், நான்கு டிரைவர்கள். அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. மூத்த டிரைவருக்குக் கரிமூட்டை என்று பட்டப்பெயர். எங்கோ ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவர். அக்காவின் ரயில் ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை. "ரயிலாவது கியிலாவது" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

கிழக்கு ஸ்டேஷனுக்கும் மேற்கு ஸ்டேஷனுக்கும் நடுவே பள்ளத்தாக்கு, அதன்மேல் பாலம், ஒற்றைத் தண்டவாளம். அதற்காக ஓர் இரும்பு வளையம் வைத்திருந்தார்கள். அதுதான் டோக்கன். அது யார் பையில் இருக்கிறதோ அவர் வண்டி மட்டும் பாலத்தில் ஏறலாம். ஒரு தடவை ஓர் அவசரக்குடுக்கை இன்னொரு வளையம் செய்துகொண்டு கிளம்பி, இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. யாரும் சாகவில்லை, பொம்மைதானே. ஆனால் அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து பாலத்தைத் திரும்பக் கட்டினாள். அன்று முதல் அவள் சொல்லாமல் இன்னொரு டோக்கன் கிடையாது.

போன மாதம் விளையாட்டில் தன் வண்டியை ஓட்டிப் பாலத்தைக் கடந்து கிழக்கு ஸ்டேஷனில் வந்து நின்றபோது அக்காவுக்குப் பித்தப்பையில் வலி வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சுருண்டாள். அன்றே ஆபரேஷன். டோக்கன் விளையாட்டில் அவளுடைய பையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் கரிமூட்டை எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்கென்று அக்கா என் நம்பரைக் கொடுத்திருந்தாளாம்.

"சார், அவங்க கம்ப்யூட்டரைப் போட்டு, பையில இருக்கிற டோக்கனை ஸ்டேஷன் பெட்டியில வச்சிடுங்க. அங்கேருந்து நம்ம டிரைவர் ஒருத்தர் மேற்கே எடுத்துட்டு வந்துடுவார். அஞ்சு நிமிஷ வேலை. பத்து நாள் வண்டி போகலன்னா பாலத்தை வேற கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க. அதான் அங்க விதி."

"நீங்களே ஒண்ணு செஞ்சுக்க வேண்டியதுதானே?"

"அவங்க சொல்லாம எப்படி சார்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அக்கா இங்க வயித்துல தையலோட கிடக்குறா, உங்களுக்குப் பொம்மை ரயில் கேக்குதா?" என்று கத்திவிட்டு வைத்தேன். பிறகும் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கண்ணைத் திறந்து கேட்டாள்: "டோக்கன் என் பையிலேயே மாட்டிக்கிச்சுடா. கரிமூட்டை உனக்குப் போன் பண்ணியிருப்பாரே, எடுத்து வச்சியா?"

"வச்சாச்சு."

"பாலத்துல வண்டி போகுதா?"

"ஜோராப் போகுதுக்கா. நீ தூங்கு."

தையலில் சீழ் வைத்து, ஆஸ்பத்திரி வாசம் பன்னிரண்டு நாளாக நீண்டது. தினமும் கேட்டாள், தினமும் போகிறது என்றேன். கம்ப்யூட்டர் என் கட்டிலிலிருந்து நாலு அடி. பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு தினமும் அதைத் தாண்டித்தான் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பாலத்தில் யாருடைய நீல வண்டியோ போய்க்கொண்டிருந்தது. மேற்கு ஸ்டேஷனில் கரிமூட்டையின் வண்டி விளக்கெரிய நின்றது. அங்கிருந்த பலகையில் ஒரு நாளுக்கு ஒரு வரி: 'டோக்கன் வரவில்லை. காத்திருக்கிறேன்.' மொத்தம் பன்னிரண்டு வரி. பாலம் கைவிட்டுப் போன பிறகும் அந்த மனுஷன் இரண்டு நாள் எழுதியிருந்தார்.

அக்கா திரும்பினாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"உன் உடம்புதான் முக்கியம்னு..." என்று இழுத்தேன்.

"வாயை மூடு! உடம்பை டாக்டர் பாத்துக்கிட்டார். முடியாதுன்னு நீ சொல்லியிருந்தா நர்ஸ்கிட்ட போன் வாங்கி, இன்னொண்ணு செஞ்சுக்கச் சொல்லியிருப்பேன். போகுதுன்னியேடா! பதினாறு வருஷமா அந்த ஓட்டை வழியா நான் சொல்ற பொய்டா அது. அதை எனக்கே சொல்லிட்டியே!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். அவளுடைய ஒவ்வொரு சொல்லும் எனக்கு வேண்டியதுதான். யாராவது செருப்பைக் கழற்றியிருந்தால் கன்னத்தைக் காட்டியிருப்பேன்.

திரையில் ஒரு வரி வந்தது. கரிமூட்டை. 'வந்துட்டீங்களா? உடம்பு தேவலையா? வண்டியை எடுக்கலாமா?'

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "உட்காரு. நீ பதில் சொல்லு. 'வருது'ன்னு மட்டும் எழுதினே, தொலைச்சிடுவேன்."

உட்கார்ந்தேன். 'வண்டி போகாது. தப்பு என்னுடையது' என்று தட்டினேன்.

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அவரை நீ எத்தனை நாள் காக்க வச்சேன்னும் எழுது" என்றாள்.

எழுதினேன்.